பதினோரு சுத்தமான வீடுகள்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது என்று தொடங்கினால் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. ஆசையில்தான் பிறந்தது. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றி முதன்முதலாக அத்தனை பொடி ஈக்களைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. 'அடடா, கதை' என்றுதான் தோன்றியது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பின்னால் நான் மற்றவர்கள்மேல் கோபப்படப் போகிறேன். அப்போது நீங்கள் இதை எடுத்து என் முகத்தில் வீசலாம்.

நான் இருப்பது சாம்பியன் ரீப்ஸில் ஒரு லைன் வீடு. தங்கச் சுரங்கக் கம்பெனி தன் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை. ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள், எங்களுடையது மூன்றாவது. சுரங்கத்தை மூடிய வருடம்தான் நான் பிறந்தேன். வேலை பெங்களூரில். ரயிலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் பூச்சிகள் கூட்டமாக வந்தால் சும்மா வராது. ஒரு தளபதி சாகப் போகிறான், அல்லது ஒரு குடும்பத்தின் பழைய பாவம் கதவைத் தட்டப் போகிறது. பூச்சி வெறும் பூச்சியாக வந்த ஒரு நாவலைக்கூட நான் படித்ததில்லை.

ஆகவே என் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

நூற்றிருபது வருடம் இந்த மண்ணைக் குடைந்து எடுத்துப்போன பொன்னெல்லாம், ஒரு செவ்வாய்க்கிழமை, சிறகு முளைத்து, தான் பிறந்த ஊரைத் தேடித் திரும்பி—

ஐந்தாம் வீட்டு கரோலின் அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் கேக் மாவு கலக்கிக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்து?" என்றார்.

"இன்னும் எழுதல அக்கா."

"ஐடா, இங்க வா. இத்த பாரு." பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். மாவின் மேல் ராகி கொட்டியதுபோல் ஈக்கள். சில இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. "இதுல பொன்னு எங்க கீது? எட்டுக் கேக்கு மாவு. அப்டியே கொட்டணும். பொன்னு, மண்ணுன்னு எழுதுன, உன் நோட்டுப் புக்கையும் சேத்துக் கொட்டிடுவேன்."

அந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை. மேலே இருக்கிறது, பாருங்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகைப் பார்த்தால் இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

2

கரோலின் அக்கா பதினாறு வருடம் பெங்களூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். விடியும் முன் ரயில் ஏறி, பொழுது சாய்ந்தபின் இறங்குவார். மகளின் தூங்கும் முகத்தை மட்டுமே பார்த்து அவளை வளர்த்ததாகச் சொல்வார். மூன்று வருடம் முன்பு வேலையை விட்டார். வீட்டின் முன்னறையைச் சமையல் அறையாக்கினார், ஓவன் வாங்கினார், தின்பண்டம் செய்து விற்க லைசென்ஸ் எடுத்தார். அந்த லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்யாணப் போட்டோவை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டினார். ஆண்டர்சன்பேட்டையில் மூன்று கடைகளுக்கு அவருடைய கேக் போகிறது.

டிசம்பர் வியாபாரம்தான் அவருக்கு முழு வருடமும். இந்த முறை நூற்றுநாற்பது பிளம் கேக்குகள். அதற்கு அக்டோபரிலேயே பழம் ஊறப்போட வேண்டும். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், இஞ்சி எல்லாம் ரம்மில் ஊற வேண்டும். ஏழு பெரிய ஜாடிகள்.

லைசென்ஸ் டிசம்பர் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க சுகாதார ஆபீஸின் நல்ல அறிக்கை வேண்டும். இல்லையென்றால் கடைகள் வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் மறுபடி தையல் கம்பெனி, மறுபடி ரயில்.

"அந்த ரயில்ல இனிமே கால வைக்க மாட்டேன்டி" என்பார். இந்தக் கதையில் பிரச்சினை அது ஒன்றுதான். தளபதி இல்லை, பாவம் இல்லை. ஒரு பெண் மறுபடி ரயில் ஏற வேண்டுமா, வேண்டாமா.

3

ஈக்கள் எங்கிருந்து வந்தன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. மர்மம் இருப்பதுபோல் எழுத ஒரு பத்தி முயன்றேன் [கிழித்தாயிற்று].

எங்கள் லைனுக்குப் பின்னால் சயனைட் மேடு. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், மலைபோல் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பழைய யார்ட். அதை யாரோ குத்தகைக்கு எடுத்து 'இயற்கை உரம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். நகரத்து ஓட்டல்களும் காய்கறி மார்க்கெட்டும் கழித்த ஈரக் குப்பை லாரிகளில் வருகிறது. ஒளிந்து வருவதும் இல்லை. காலை பத்து மணிக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிறது. அழுகிய தக்காளியும் பலாச் சக்கையும் அங்கே கொதிக்கின்றன. உரம் ஆனதை இதுவரை யாரும் பார்க்கவில்லை. ஈ ஆனதைப் பன்னிரண்டு வீடும் பார்க்கிறது.

கடுகில் பாதி இருக்கும் ஒரு ஈ. கடிக்காது. சத்தம் போடாது. வந்து உட்காரும், அவ்வளவுதான். பால் ஆடையின்மேல், ஈரத் துண்டில், சீப்பின் பற்களுக்கு நடுவில், அம்மாவின் கண்ணாடியில். டிவியில் செய்தி வாசித்த பெண்ணுக்கு ஒரு வாரம் தாடி இருந்தது. பல் விளக்கப் பசையைப் பிதுக்கி பிரஷில் வைப்பதற்குள் அதில் நான்கு ஈ.*

ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர், பைபிளில் அடிமைகளை விடாத ராஜாவுக்குக் கடவுள் அனுப்பியதுபோல் இதுவும் ஒரு வாதை என்றார், நம்மை நாமே ஆராய்ந்து பார்க்க வேண்டிய காலம் என்றார். ஆராதனை முடிந்து கை குலுக்கும்போது கரோலின் அக்கா அவரிடம் சொன்னார்: "வாதை வர்றது ராஜா அரமனைக்கு பாஸ்டர். நாங்க யார அடிமையா வச்சிகினு இருந்தோம்? லாரிக்காரன் வூட்டுக்குல்ல அனுப்பணும்." பாஸ்டர் கையை விடுவித்துக்கொண்டு அடுத்தவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

சுகாதார ஆபீஸுக்கு மனு எழுதியது ஏழாம் வீட்டு சம்பங்கி மாமா. சுரங்கத்தில் ஆள் வருகை குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்தவர். ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. 'இடம்: வீடு எண் 1 முதல் 12. நேரம்: மூன்று ஷிஃப்டும். கண்டது: ஈ. காரணம்: பின்பக்க யார்ட்' என்று எழுதிக் கையெழுத்துக்குக் கோடு போட்டார்.

"மாமா, 'கருமேகம்போல்'னு ஒரு வார்த்தை சேக்கலாமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? மேகம்னு போட்டா மழ ஆபீசுக்கு அனுப்பிடுவான்."

* நாவல்களில் இந்த மாதிரிப் பட்டியல் வரும்போது நான் ரசித்துப் படிப்பேன். நீங்களும் ரசித்திருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த பிரஷைக் கழுவிவிட்டு அதிலேயே பல் விளக்கினோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4

சுகாதார அதிகாரி வந்தது நவம்பர் மூன்றாம் வாரம், பகல் பன்னிரண்டுக்கு. அன்று எனக்கு விடுமுறை.

[அவரைக் கெட்டவராக எழுத மிகவும் பாடுபட்டேன். முதல் வரைவில் தொப்பை கொடுத்தேன், இரண்டாவதில் தங்க மோதிரம். இரண்டும் அவரிடம் இல்லை. ஒல்லியான மனிதர், ஜலதோஷம் பிடித்திருந்தது, எல்லோரையும் 'மேடம்' என்றார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.]

முதல் நான்கு வீடுகளை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஐந்தாம் வீட்டுக்குள் நுழைந்தார். ஏழு ஜாடிகளைக் கண்டதும், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாதிரி அவர் முகம் தெளிந்தது.

"இதென்ன மேடம்?"

"பழம் சார். கேக்குக்கு ஊறுது."

"எத்தன நாளா?"

"அஞ்சு வாரம்."

"அஞ்சு வாரம் பழத்த வீட்ல அழுக விட்டா நொண வராம என்ன வரும்?" என்றவர், கன்னடம் எங்களுக்குப் புரியாதோ என்று, "நொணன்னா ஈ" என்றார்.

"நொணன்னா ஈன்னு தெரியும் சார். எங்களவிட யாருக்குத் தெரியும்? அழுகல சார், ஊறுது. மூடி இறுக்கமா கீது, கைய வச்சுப் பாருங்க. பின்னால யார்ட்ல லாரி லாரியா கொட்டிகினு கீறானே, அத்த பாத்தீங்களா?"

"அது வேற ஃபைல் மேடம்."

இந்த வாக்கியத்துக்கு என்னால் ஒரு உவமை சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் வந்த ஈக்கு வீடுதான் காரணம். வந்த வழி வேறு ஃபைல். அந்த ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று சம்பங்கி மாமா கேட்டார். விசாரித்துச் சொல்வதாக அதிகாரி பணிவோடு பதில் சொன்னார். 

நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு நாள் கழித்து மறுபடி இன்ஸ்பெக்‌ஷன். அன்று கரோலின் வீட்டில் ஈ இருந்தால் லைசென்ஸ் புதுப்பிக்கச் சிபாரிசு இல்லை. அன்று லைன் முழுக்க ஈ இருந்தால், வெளியிலிருந்து வருவதாக எழுதி, யார்டைப் பார்க்க ஆள் அனுப்புவார்.

5

குழாயடியில் கூடினோம். சம்பங்கி மாமாவிடம் திட்டம் தயாராக இருந்தது.

"பதினோரு வூட்லயும் எதுலயும் கைய வைக்காதீங்க. பெருக்காதீங்க, மருந்து அடிக்காதீங்க, பொக போடாதீங்க. எப்டி கீதோ அப்டியே கெடக்கட்டும். அஞ்சாம் நம்பர் மட்டும் பளபளன்னு இருக்கணும். அப்பத்தான் அவனுக்கு வெளங்கும், ஈ கேக்கால வரலன்னு."

"எங்க வூட்ல சாமி படத்துல லட்சுமி மூஞ்சியே தெரியல" என்றார் நான்காம் வீட்டு சரோஜம்மா. "அத்தயாவது தொடைக்கலாமா?"

"அப்டியே வுடு."

"லட்சுமியயா?"

"ஒரு நாளிக்கு பொறுத்துக்குவா. பொம்பளதான?"

"ஆமாய்யா, பொறுக்கிறதுக்குன்னே எங்கள செஞ்சி அனுப்பிகீறான்."

எல்லோரும் சிரித்தார்கள். கரோலின் அக்கா சிரிக்கவில்லை. "நெஜமா பண்ணுவீங்களா எல்லாரும்?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அய்ய, இன்னாம்மே இது" என்றார் சரோஜம்மா. "ஈய வச்சிக்கிறது ஒரு வேலயா? அதுவா வருது, அதுவா குந்துது. நாங்க சும்மா இருக்கணும், அவ்ளோதான?"

சும்மா இருப்பது சுலபம் என்று நானும் நம்பினேன். திட்டத்தைப் பாராட்டினேன். இதில் நல்ல கதை ஒன்று இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

6

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன்.

கம்பெனி காலத்தில் லைனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருமாம். அழுக்காக இருந்த வீட்டின் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலில் வைப்பார்களாம். பூமிக்குள் இறங்கும் கேஜுக்காகக் காத்து நிற்கும் அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள். அந்த வீட்டுக்காரன் ஷிஃப்ட் முடிந்து மேலே வருவதற்குள் பூமிக்கடியில் எல்லா லெவலிலும் அவன் வீட்டுக் குப்பை பேச்சாகிவிடும். என் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் வீட்டு எண் ஒருமுறை பலகையில் ஏறியது. அதைச் சொல்லும்போது இப்போதும் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வார். கம்பெனி போய்விட்டது, பலகை போய்விட்டது, ஷாஃப்டை கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். அந்த வார்த்தை மட்டும் எங்கள் கைகளில் இருக்கிறது. அதைக் கேட்டால் கை துடைப்பத்தைத் தேடும்.

ஏழாம் நாள் காலை, ஆறு மணி. அம்மா தரையில் பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வரைவில் இந்தக் காட்சி இப்படி வருகிறது: நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். 'அம்மா, இன்று அழுக்குதான் நம்முடைய சாட்சி' என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, துணியைக் கீழே—

பொய். நடந்தது இது:

"அம்மா, வேணாம்னு சொன்னாங்களே."

"மத்த பத்து வூட்ல கீதில்ல? அது போதாதா? அவன் நம்ம வூட்டுக்குள்ள வந்து நின்னு மூக்கப் பொத்தணுமா?"

நான் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு சாம்பிராணித் தட்டை எடுத்துக் கங்கு போட்டு, வேப்பிலை போட்டு, மூலை மூலையாகப் புகை காட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஈக்கள் மேலெழுந்து, ஜன்னல் வழியாகக் கூட்டமாக வெளியேறியதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லைன் முழுக்கப் புகை. பதினோரு வாசலிலும் கழுவிய ஈரம். எல்லா வீட்டிலும் ஒரே கணக்குப் போட்டிருக்கிறார்கள்: மற்ற பத்து வீட்டில் இருக்கும், நம் ஒரு வீட்டில் இல்லாவிட்டால் என்ன?

புகை போடாத வீடு ஒன்றுதான். புகை வாசனையையும் மருந்து வாசனையையும் கேக் குடித்துக்கொள்ளும். அதனால் கரோலின் அக்கா வெறும் வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு நாள் தேய்த்திருந்தார். வேறு எதையும் அவரால் செய்ய முடியாது.

பதினோரு வீட்டு ஈயும் எங்கே போகும்?

நீங்கள் முன்பே யூகித்திருப்பீர்கள். நாங்கள் யூகிக்கவில்லை. எங்கள் கை வேலையாக இருந்தது.

7

பதினொன்றரைக்கு அதிகாரி வந்தார். முதல் வீட்டில் இல்லை. இரண்டாவதில் இல்லை. எங்கள் வீட்டில் அம்மா அவருக்கு நாற்காலி போட்டு, காபி வேண்டுமா என்று கேட்டார். இல்லை. சரோஜம்மா வீட்டு லட்சுமி, குங்குமமும் புதுப் பூவுமாகப் பளிச்சென்று இருந்தாள். ஐந்தாம் வீட்டைக் கடைசியில் பார்ப்பதாகச் சொல்லி ஆறாவதற்குப் போனார். ஏழாம் வீட்டில் சம்பங்கி மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். அவர் வீட்டில் ஈ மட்டுமா, சிலந்தி வலைகூட இல்லை. திட்டம் போட்ட மனிதர்!

"நொண எல்லி?" என்றார் அதிகாரி, கேலியாக இல்லை, உண்மையான குழப்பத்தோடு. ஈ எங்கே? மனுவைப் பிரித்து மறுபடி படித்தார். பன்னிரண்டாம் வீடுவரை போய்த் திரும்பினார்.

ஐந்தாம் வீட்டுக் கதவைத் திறந்தார்கள்.

[இங்கே நான் நிறைய எழுதினேன். எல்லாம் நல்ல வாக்கியங்கள். எடுத்துவிட்டேன்.]

சுவர் கறுப்பாக இருந்தது. அசைந்தது. துணி கட்டி டேப் ஒட்டிய ஏழு ஜாடிகளின்மேல் ஈ. ஓவன் கண்ணாடியில் ஈ. லைசென்ஸில் அவர் பெயர் தெரியவில்லை. நடுவில் கரோலின் அக்கா, கையில் துண்டோடு, விசிறி விசிறி ஓய்ந்துபோய் நின்றார். அவர் வீட்டில் இவ்வளவு ஈ இதற்குமுன் ஒரு நாளும் இருந்ததில்லை.

8

"பன்னெண்டு வீட்ல பதினொண்ணுல இல்ல. இந்த ஒரு வீட்ல மட்டும் இருக்கு" என்றார் அதிகாரி. "நான் என்ன எழுதட்டும் மேடம்? நீங்களே சொல்லுங்க."

கரோலின் அக்கா அவரைப் பார்க்கவில்லை. வாசலில் கூடியிருந்த எங்களைப் பார்த்தார். காற்றை மோந்து பார்த்தார். பினாயில், சாம்பிராணி, வேப்பிலை. புரிந்துவிட்டது.

"இன்னா சரோஜாக்கா, லட்சுமிக்கு மூஞ்சி கழுவிட்டியா?"

சரோஜம்மா முந்தானையைத் திருகினார். "மத்தவங்க வூட்ல இருக்குமேன்னு நெனச்சேன்மே..."

"நீயுமா மாமா?"

"கை தானா போச்சு கரோலினு" என்றார் சம்பங்கி மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

என்னைக் கேட்கவில்லை. என் கையில் இருந்த சாம்பல் கறையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"சார்," என்று திரும்பினார். "இவங்க எல்லார் வூட்லயும் நேத்து ராவு வரைக்கும் இதே ஈதான். நீங்க வர்றீங்கன்னு காலைல கழுவிட்டாங்க. அங்கேந்து தொரத்துனதெல்லாம் இங்க வந்துடுச்சி. கேளுங்க சார்."

அதிகாரி எங்களைப் பார்த்தார். "ஆமாவா?"

சரோஜம்மா சம்பங்கி மாமாவைப் பார்த்தார், அவர் என் அம்மாவைப் பார்த்தார். ஒரு அதிகாரியின் முன்னால், பேனா திறந்திருக்கும்போது, என் வீடு ஈ மொய்க்கும் வீடு என்று சொல்ல வேண்டும். மூடிப்போன ஷாஃப்டின் வாசலில் இல்லாத பலகை ஒன்று எங்கள் எல்லோர் கண்ணிலும் தெரிந்தது. நான் உலகத்து நாவல்களிலெல்லாம் மௌனமாக நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள். நானும் நின்றேன்.

கரோலின் அக்கா உள்ளே போனார். ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து அதிகாரியின் ஜீப்பில் பின்சீட்டில் வைத்தார். திரும்பிப் போய் இன்னொன்று எடுத்துவந்தார்.

"மேடம், ஏன்? இது ஏன்?"

"ஈ என் பழத்துக்குப் பொறந்ததுன்றீங்க இல்ல? பழம் போற எடத்துக்கு அதுவும் போவணும். கொண்டுபோய் உங்க ஆபீஸ்ல வைங்க. என் வூட்ல நாளையிலேந்து ஒண்ணுகூட இருக்கக்கூடாது. இருந்துச்சின்னா, நீங்க வந்து யார் வூட்டு ஈன்னு சொல்லணும்."

"எடமில்லக்கா" என்றார் டிரைவர்.

"முன்சீட்டு கீதில்ல." ஏழாவது ஜாடியை முன்சீட்டில் வைத்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். "பாத்து ஓட்டு. ஆட்டாத."

யாரோ சிரித்துவிட்டார்கள். உடனே அடங்கியது. அந்த ஏழு ஜாடி நூற்றுநாற்பது கேக் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரி வெகுநேரம் மூக்கைத் துடைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்து, அங்கே நின்றவர்களில் படித்தவள் மாதிரித் தெரிந்த என்னிடம் கொடுத்தார்.

"பதினோரு வீட்டுக்காரரும் எழுதிக் கையெழுத்துப் போடணும். எங்க வீட்ல ஈ இருந்தது, இன்ஸ்பெக்‌ஷனுக்காகச் சுத்தம் பண்ணினோம்னு. பதினொண்ணும் வேணும், பத்து வந்தா ஆகாது. திங்கட்கிழமைக்குள்ள வந்தா யார்டை இந்த ஃபைலோட சேக்கிறேன், இவங்க பேப்பர்லயும் சிபாரிசு எழுதறேன். இல்லேன்னா இன்னிக்குப் பாத்ததுதான் ரிப்போர்ட்."

ஜீப் போனது. ஜாடிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் முனை திரும்பும்வரை கேட்டது.

9

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) ஈக்களெல்லாம் ஒன்றுசேர்ந்து ஐந்தாம் வீட்டைக் கூரையோடு தூக்கிக்கொண்டு, சயனைட் மேட்டைத் தாண்டி, யார்டின் நடுவில் இறக்கி வைக்கின்றன. நான் படித்த நாவல்கள் எல்லாம் இதற்குக் கை தட்டும். ஈ வீட்டைத் தூக்காது.

(ஆ) பதினோரு கையெழுத்தும் வந்துவிடுகின்றன. யார்டுக்குப் பூட்டு. ஜாடிகள் திரும்பி வருகின்றன. கிறிஸ்மஸ் காலையில் சரோஜம்மாவுக்கு முதல் துண்டு. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே இதன்மேல் சந்தேகமாக இருக்கிறது.

(இ) ஜனவரி. விடியும் முன் சாம்பியன் ஸ்டேஷன். கரோலின் அக்கா டிபன் பையோடு பிளாட்பாரத்தில் நிற்கிறார். நான் புத்தகத்தோடு நிற்கிறேன். ரயில் வருகிறது. அவர் என்னைப் பார்க்கிறார், என் பெட்டியில் ஏறாமல் அடுத்ததில் ஏறுகிறார்.

(இ) நன்றாக வந்திருக்கிறது. மூன்றிலும் அதுதான் இலக்கியம். ஒரே அமர்வில், ஒரு வார்த்தை அடிக்காமல் எழுதினேன். முடித்துவிட்டுத் தேநீர் போடப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் தோற்றால் என் கதை ஜெயிக்கும். நான் ரயிலில் நான்கு மணி நேரம் படித்துக் கலங்கிய புத்தகங்களில் எத்தனை பெண்கள் இப்படி, வாசகருக்குத் தொண்டை அடைப்பதற்காக, அழகாகத் தோற்கடிக்கப்பட்டார்கள்? அவர்களை அந்தப் பிளாட்பாரத்தில் நிறுத்தியவர்கள் மேலெல்லாம் எனக்கு இப்போது கோபம் வருகிறது. லாரிக்காரன் குப்பையைக் கொட்டினான், ஆபீஸ் அதை வேறு ஃபைல் என்றது, பதினோரு வீடு கழுவித் தள்ளியது. கடைசியாக நான் வந்து 'துயரம்' என்று பெயர் வைக்கவா?

(இ)யைக் கிழித்துவிட்டேன். நீங்கள் மேலே படித்தது அதன் சுருக்கம்தான். சுருக்கத்திலேயே பிடித்திருந்தால், அது உங்கள் குற்றம்.*

* ஆபீஸில் இரண்டு ஜாடிகள் திறக்கப்பட்டுவிட்டதாகக் கேள்வி. ஈக்களால் அல்ல. டிரைவர் சொன்னது: "ரம்மு நல்லா ஏறிகீது."

10

இதை எழுதுவது ஞாயிறு மத்தியானம். ஜாடிகள் போய் மூன்று நாள் ஆகிவிட்டது. ஐந்தாம் வீட்டில் இப்போது பழம் என்று ஒரு திராட்சைகூட இல்லை. ஈ இருக்கிறது. பன்னிரண்டு வீட்டிலும் இருக்கிறது. அதிகாரி வந்து பார்க்கத்தான் வழியில்லை, இன்று ஆபீஸ் விடுமுறை.

தாள்களில் ஐந்து நிரம்பியிருக்கின்றன. எங்கள் வீட்டுத் தாளில் அம்மா கையெழுத்துப் போட்டார். 'சுத்தம் பண்ணினேன்னு எழுது, அழுக்கா இருந்துச்சின்னு மட்டும் எழுதாத' என்றார். அரை மணி நேரம் சண்டை போட்டு, 'ஈ இருந்தது' என்ற இரண்டு வார்த்தைக்கு இறங்கி வந்தார். சம்பங்கி மாமா நேரம் போட்டு எழுதிக் கொடுத்தார்: காலை 5.40க்குப் புகை, 6.15க்கு முடிந்தது. பத்தாம் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடியது. பன்னிரண்டாம் வீட்டில், "பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம்மா, இந்த நேரத்துல இப்டி எழுதிக் குடுத்தா நாளைக்கு யாராவது..." என்று அந்த வாக்கியத்தை அவர்களே பாதியில் விட்டார்கள். சரோஜம்மா தாளை வாங்கி உள்ளே வைத்திருக்கிறார். குளித்துவிட்டுப் போடுகிறேன் என்றார். அது நேற்று.

கரோலின் அக்கா எதையும் கேட்கவில்லை. காலையில் காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜாடிகள் இருந்த இடத்தில் ஏழு வட்டங்கள் இருந்தன. அதையும் துடைத்தார்.

ஆறு வீடு பாக்கி. பத்தாம் வீட்டுக் கதவை மறுபடி தட்ட வேண்டும். அதனால் இந்தக் கதையை என்னால் முடிக்க முடியாது, எழுதவும் இனி நேரம் இல்லை. முடிவை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் தோற்கிற முடிவை எழுதுவதாக இருந்தால், அதுதான் நிஜம், அதுதான் கலை என்று உங்களுக்குத் தோன்றினால், உங்கள் அறையிலேயே எழுதி முடித்துவிடாதீர்கள். நேரில் வாருங்கள். சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கி, மேட்டைப் பார்த்து நடந்தால் பத்து நிமிடத்தில் லைன் வரும். இடமிருந்து ஐந்தாவது கதவு. தட்டினால் திறப்பார். அவர் முகத்தைப் பார்த்து அந்த முடிவைச் சொல்லுங்கள்.

பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஈ உள்ளே போய்விடும்.